பக்கத்து வீட்டுப் பாட்டி கொடுத்த மூங்கில் ராடும் ஹார்டி ரீலும்: ஆற்றுக்குக் கொண்டுபோகலாமா?

வேடசந்தூரான் கேட்டது:

வணக்கம். நான் இங்கிலாந்தின் வடக்கே நியூகாசிலில் இருக்கிறேன். சின்ன வயதில் குடகனாற்றுத் தேக்கத்தில் மண்புழு கோத்து, தக்கையை மிதக்கவிட்டுக் கெளுத்தி பிடித்தவன். ஃபிளை ஃபிஷிங், அதாவது இறகும் நூலும் வைத்துப் பூச்சி மாதிரி கட்டிய தூண்டில் முள்ளை (ஃபிளை) வீசி மீன் பிடிப்பது, பழகி நான்கு வருடம்தான் ஆகிறது. ராத்பரிக்கு மேலே கோக்கெட் ஆற்றில் அனுமதி வாங்கி ட்ரவுட் மீனுக்குப் போவேன். இதுவரை கையில் இருந்தது ஒரே ஒரு கார்பன் ராடு, தூண்டில் கம்பு.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பாட்டி கூப்பிட்டார். எண்பத்தாறு வயது. பனிக்காலத்தில் அவர் வாசலைச் சுத்தம் செய்து கொடுப்பேன், குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்து வைப்பேன். அந்த அளவு பழக்கம்தான். ஆனால் நான் பூட்ஸும் வலையுமாகக் கிளம்புவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். பரணிலிருந்து மகனை விட்டு இறக்கி வைத்திருந்த நீளமான துணிப்பையையும் சின்னத் தோல் பெட்டியையும் என்னிடம் கொடுத்தார். கணவர் போய்ப் பதினொரு வருடம் ஆகிறதாம். விற்க மனசு வரவில்லை, மீன் பிடிக்கிற ஒருவர் கையில் இருக்கட்டும் என்றார். காசு கொடுக்கப் பார்த்தேன், கையைத் தள்ளிவிட்டார்.

பையில் இருந்தது மூங்கில் ராடு. ஒன்பது அடி, இரண்டு துண்டு. நுனித்துண்டு மட்டும் உபரியாக இன்னொன்று. பிடிக்கு மேலே, வார்னிஷுக்கு அடியில், ‘ஹார்டி பாலகோனா’ என்று மையால் கையெழுத்தாக எழுதியிருக்கிறது. பாலக்கோடு மாதிரி நம்ம ஊர்ப் பெயராகக் காதில் விழுந்தது! தோல் பெட்டியில் தூண்டில் நூல் சுற்றுகிற ஹார்டி பெர்ஃபெக்ட் ரீல், குறுக்களவு மூன்றே அரைக்கால் அங்குலம். கறுப்புப் பூச்சு விளிம்பில் தேய்ந்து உள்ளே உலோகம் வெளுத்துத் தெரிகிறது. சுற்றினால் சுற்றுகிறது, ஆனால் இறுக்கமாக இருக்கிறது. உள்ளே இருந்த லைன், அந்தத் தூண்டில் நூல், பழுப்பேறி, வெல்லப்பாகு மாதிரி விரலில் ஒட்டுகிறது.

நுனித்துண்டு ஒன்று லேசாக இடப்பக்கம் வளைந்தே நிற்கிறது. லைன் ஓடுகிற வளையங்களைக் கட்டிய பட்டுநூல் இரண்டு இடத்தில் பிரிந்திருக்கிறது. வார்னிஷ் அங்கங்கே செதில் செதிலாகப் பெயர்ந்திருக்கிறது.

இதை வைத்து மீன் பிடிக்கலாமா, இல்லை சுவரில் மாட்டி வைக்க வேண்டிய பொருளா? ரீலைப் பாலிஷ் போட்டு, ராடுக்குப் புது வார்னிஷ் அடித்துப் பாட்டிக்குக் காட்டலாம் என்று ஒரு எண்ணம். எந்த லைன் போடுவது என்றும் தெரியவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


தாமிரபரணி எழுதியது:

தம்பி, முதல் வேலையாகப் பாலிஷ் டப்பாவை எடுத்து உள்ளே வையுங்கள். அந்த ரீலில் கை வைக்கவே வேண்டாம்.

அந்தக் கறுப்பு, அழுக்கு அல்ல. உங்கள் ராடும் ரீலும் செய்த ஹார்டி பட்டறையில் அடித்து அனுப்பிய ஈயச் சாம்பல் பூச்சு. வெயிலில் மின்னி மீனை விரட்டக் கூடாது என்பதற்காகப் போட்டது. விளிம்பில் அது தேய்ந்திருக்கும் இடம், ஓடுகிற ரீலை அந்தப் பெரியவர் விரல் வைத்து நிறுத்திய இடமாக இருக்கும். நான் இதை வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன். பதினைந்து வருடம் முன்னால் ஒரு செயின்ட் ஜார்ஜ் ரீல் வாங்கினேன், லைன் வரும் வாயில் அகேட் கல் வளையம் பதித்தது. சத்தம் சரியில்லை, உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிக் கொடுங்கள் என்று ஒருவரிடம் அனுப்பினேன். எவர்சில்வர் டம்ளர் மாதிரி பளபளவென்று திருப்பி அனுப்பினார். பூச்சை முழுக்கச் சுரண்டி, பாலிஷ் சக்கரத்தில் பிடித்திருக்கிறார். நல்லது செய்ததாகத்தான் அவர் நினைத்தார். அறுபது எழுபது வருடத் தேய்மானம் ஒரு மத்தியானத்தில் போய்விட்டது. இன்றைக்கும் அதைப் பெட்டியிலிருந்து எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ரீல் இறுக்கமாக இருப்பதற்குக் காரணம் உறைந்துபோன கிரீஸ். பெர்ஃபெக்ட் 1891-இல் விற்பனைக்கு வந்த வடிவம். ஒரு தூண்டில் ரீலுக்குள் பால் பேரிங் வைத்ததுதான் அதன் பெருமை. திறக்கும்போது அடியில் வெள்ளைத் துண்டு ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். சில ரீல்களில் குண்டுகள் தளர்வாகவே இருக்கும். ஒன்று மேஜைக்கு அடியில் உருண்டு போனால் அன்றைய பொழுது போச்சு. பழைய கிரீஸைப் பஞ்சால் துடைத்து, குண்டுகளுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, பல்சக்கரத்துக்கும் அதைத் தடுக்கிற நாக்குக்கும் கிரீஸ் ஒரு தீற்றல். அவ்வளவு போதும். ஊர் ஞாபகத்தில் தேங்காய் எண்ணெய் விட்டுவிடாதீர்கள், இந்தக் குளிரில் கட்டியாகிவிடும். ரீலின் அடிப்பட்டையையும் பாருங்கள். ராடில் பொருத்துவதற்காக யாராவது அரம் போட்டு ராவியிருந்தால் விலை குறையும், ஆனால் மீன் பிடிக்க அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

இப்போது ராடு. அதை ஒரே மூங்கில் குச்சி என்று நினைக்காதீர்கள். ஆறு பட்டைகள். ஒவ்வொன்றையும் முக்கோணமாகச் சீவி, நுனிக்குப் போகப் போக மெலிய வைத்து, ஆறையும் பசை போட்டுச் சேர்த்துக் கட்டியது. குறுக்கே வெட்டினால் அறுகோணம் தெரியும். மூங்கிலின் பலமெல்லாம் தோலை ஒட்டிய நாரில்தான் இருக்கிறது. அந்தத் தோல்பக்கம் ஆறும் வெளியே வரும்படி ஒட்டியிருப்பார்கள். அதனால் ராடின் ஆயுசு அந்தப் பசையில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தியது என்றால் பெரும்பாலும் தோல், எலும்பு காய்ச்சிய பசை. ஈரமும் சூடும் அதற்கு ஆகாது.

சோதிப்பது சுலபம். பட்டைகள் சேர்கிற ஆறு கோடுகளிலும் நகத்தை அடியிலிருந்து நுனிவரை ஓட்டுங்கள். எங்காவது நகம் இறங்கினால் அங்கே பசை விட்டிருக்கிறது. அப்புறம் ஒவ்வொரு துண்டாகக் காதுக்குப் பக்கத்தில் பிடித்து மிக மெதுவாக வளையுங்கள். ‘டிக்’ என்றோ ‘கிரீச்’ என்றோ சத்தம் வந்தால் ஆற்றுக்குக் கொண்டுபோகாமல் தெரிந்தவரிடம் காட்டுங்கள். சத்தமே இல்லை என்றால் ராடு உயிரோடு இருக்கிறது. தாராளமாக மீன் பிடியுங்கள். சுவர் வேண்டவே வேண்டாம். சுவரில் மாட்டினால் ஹீட்டர் சூட்டில் காய்ந்து வளைந்துவிடும்.

நுனி வளைவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். எத்தனையோ மீன் இழுத்த வளைவு அது. அடுப்பில் காட்டி நிமிர்த்துகிறேன் என்று யாராவது கிளம்பினால் விடாதீர்கள், பசை போய்விடும். இரண்டு நுனித்துண்டுகளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள், உபரித் துண்டு கொடுத்ததே அதற்காகத்தான். பிரிந்த பட்டுநூலை மட்டும் புதிதாகக் கட்டுங்கள். நைலான் நூல் அல்ல, பட்டு. வார்னிஷ் பட்டதும் அது கண்ணாடி மாதிரி ஆகி மூங்கில் உள்ளே தெரியும். செதில் பெயர்ந்த இடத்தில் மட்டும் மெல்லிசாக ஒரு கோட் வார்னிஷ். உப்புத்தாள் போட்டு முழுக்கச் சுரண்டினால் அந்த மை எழுத்தும் சேர்ந்து போகும். நுனி வளையத்தில் கல் பதித்திருந்தால் பஞ்சைத் திரித்து நுழைத்து இழுத்துப் பாருங்கள். இழை சிக்கினால் கல்லில் விரிசல் இருக்கிறது, லைனை அறுத்துவிடும்.

ராடின் துண்டுகள் சேருகிற மூட்டு பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறேன், ஏனென்றால் மூங்கில் ராடுகள் பாதி மூட்டில்தான் சாகின்றன. பூட்டும்போது திருகாதீர்கள். இரண்டு கையும் உலோகக் குழலுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். வளையங்களை முதலிலேயே ஒரே நேர்கோட்டில் வைத்துக்கொண்டு நேராகத் தள்ளுங்கள். கழற்றும்போது இறுகிக்கொண்டால் சற்றே குனிந்து, ராடை முழங்காலுக்குப் பின்னால் கொடுத்து, கைகளை முழங்காலுக்கு வெளிப்பக்கம் வைத்துப் பிடித்து, கையை ஆட்டாமல் முழங்கால்களை மட்டும் மெதுவாக விரியுங்கள். தொடையின் பலத்தில் நேராகக் கழன்று வரும். கை பலத்தில் இழுத்தால் கடைசி நொடியில் ஒரு பக்கம் சாயும், குழலின் வாயருகே மூங்கில் முறியும். பூட்டுவதற்கு முன்னால் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள், எண்ணெய் போடாதீர்கள்.

அந்த ஒட்டுகிற லைன் பட்டு. அதைக் காப்பாற்ற முடியாது, சுருட்டி ஒரு உறையில் போட்டு வையுங்கள். அந்தக் காலத்தில் லைனுக்கு எண் கிடையாது. எச்.டி.எச். என்று எழுத்தில் சொல்வார்கள், தடிமனைக் குறிக்கும் எழுத்து. எண் முறை வந்தது 1960 வாக்கில். உங்கள் ராடில் லைன் எண் எழுதவில்லை என்றால் அது அதற்கு முந்தையதாக இருக்கலாம். டபுள் டேப்பர் 5, அதாவது இரண்டு முனையும் மெலிந்த ஐந்தாம் எண் லைன், போட்டுப் பாருங்கள். ராடு அசையாமல் விறைப்பாக நின்றால் 6. அதற்கு மேல் வேண்டாம். ஈயக் குண்டு, உலோக மணி வைத்த கனமான நிம்ஃப் (தண்ணீருக்குள் மூழ்குகிற ஃபிளை) எதுவும் கட்டாதீர்கள். ஃபிளை கிளையில் மாட்டினால் ராடை வளைத்து இழுக்காமல், ராடை அந்தத் திசைக்கே நீட்டி லைனைக் கையால் இழுங்கள்.

முதல் நாள் உங்களுக்குக் கோபம் வரும். கார்பன் பழகிய கை அவசரப்படும். ஒன்பது அடி மூங்கில், கார்பனைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். பின்னால் போகிற லைன் முழுக்க நீளும்வரை அது காத்திருக்கும், நீங்களும் காத்திருக்க வேண்டும். தலையைத் திருப்பி லைனைப் பாருங்கள். அது நேராகி, லேசாக ஒரு இழுப்பு உள்ளங்கைக்கு வரும். அப்போது முன்னால் கொண்டு வாருங்கள். தள்ளவே வேண்டாம், ராடே கொண்டு போகும். பத்துப் பன்னிரண்டு கெஜ தூரத்துக்குள் அதைவிட மெத்தென்று ஃபிளையை இறக்கும் ராடு என்னிடம் வேறு இல்லை. என்னிடம் கார்பன் மூன்று இருக்கிறது. நான் இருப்பது ட்வீட் ஆற்றங்கரையில், கெல்சோவில். மே மாத மாலையில் வீட்டைவிட்டு இறங்கும்போது கை போவது மூங்கிலுக்குத்தான்.


ஈஸ்டன்காரன் எழுதியது:

அண்ணாச்சி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஒரு விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். காற்று அடிக்கிற நாளில் மூங்கிலை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். எதிர்க்காற்றில் அதை முறுக்கி அடிக்கத் தோன்றும், நுனி முறிவது அப்படித்தான். காற்றுக்குக் கார்பன் நல்ல சாமான், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

நான் அமெரிக்காவில் பென்சில்வேனியாவில், ஈஸ்டன் பக்கம் இருக்கிறேன். பட்டை ஒட்டிய மூங்கில் ராடின் கதையில் இந்தச் சின்ன ஊருக்குப் பெரிய இடம். 1840-களில் சாமுவேல் பிலிப்பி என்பவர் இங்கே ராடு செய்தார். துப்பாக்கி செய்பவர், வயலினும் செய்வார். ஒட்டுவேலையும் சீவல் வேலையும் தெரிந்த கை. அவருக்குப் பிறகு மெய்ன் மாநிலத்தில் ஹைராம் லெனர்ட் அதை மெஷினில் சீவுகிற தொழிலாகவே ஆக்கினார்.

நமக்குப் பிடித்த விஷயம் ஒன்று: அந்த முதல் ராடுகளுக்கு மூங்கில் போனது இந்தியாவிலிருந்து. கல்கத்தா மூங்கில் என்றுதான் இன்றும் பெயர். அது நம் கல்மூங்கில் இனம் என்பார்கள். பழைய ராடுகளில் திட்டுத் திட்டாகத் தீப்பட்ட கறுப்பு இருந்தால் கல்கத்தா மூங்கிலாக இருக்கலாம், அங்கேயே நெருப்பில் வாட்டி அனுப்பியது. பிறகு தென்சீனத்தின் டோன்கின் மூங்கில் வந்து அதன் இடத்தைப் பிடித்தது. கணு தள்ளித் தள்ளி இருக்கும், நார் அடர்த்தி. 1950-இல் அமெரிக்கா சீனப் பொருளுக்குத் தடை போட்டு, 1971-இல்தான் எடுத்தது. அந்த இருபது வருடமும் இங்கே ராடு செய்தவர்கள் கொட்டகையில் சேர்த்து வைத்திருந்த மூங்கிலை எண்ணி எண்ணிச் செலவழித்தார்கள். ஃபைபர்கிளாஸ் ராடு அந்த இடைவெளியில் கடைகளை நிரப்பிவிட்டது.

வாசிக்கிற மற்றவர்களுக்கு: எல்லோருக்கும் பக்கத்து வீட்டுப் பாட்டி வாய்க்க மாட்டார். பழைய சாமான் ஆசை இருந்தால் 1960, 70-களின் ஃபைபர்கிளாஸ் ராடும் ஃப்ளூகர் மெடலிஸ்ட் ரீலும் பாருங்கள். ஒஹையோவில் செய்த பழைய மெடலிஸ்ட் இங்கே இன்னும் சல்லிசாகக் கிடைக்கிறது. என்னிடம் இருப்பதன் பின்தகட்டில் யாரோ ஆணியால் தன் பெயரின் இரண்டு எழுத்தைக் கீறி வைத்திருக்கிறார்கள். வாங்கியதே அதற்காகத்தான்.


கந்தப்பளை எழுதியது:

பசையும் ஈரமும் பற்றி எழுதியதை வாசித்ததும் எங்கள் தாத்தா ஞாபகம் வந்துவிட்டது. நான் இலங்கையில் நுவரெலியா பக்கம், தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். இங்கே ட்ரவுட் குஞ்சு கொண்டுவந்து விட்டது 1880-களில், வெள்ளைக்காரத் துரைமார். ஹோட்டன் சமவெளி ஓடைகளுக்கும் விட்டார்கள்.

தாத்தா பங்களாவில் தோட்ட வேலை செய்தவர். பெரிய துரை மீன் பிடிக்கப் போகும்போது கூடையும் வலையும் தூக்கிக்கொண்டு பின்னால் போவார். திரும்பி வந்ததும் முதல் வேலை, பட்டு லைனை ரீலில் இருந்து முழுக்க உருவி, வெராந்தாவில் இரண்டு நாற்காலியின் முதுகில் சுற்றிக் காயவைப்பது. ஈரத்தோடு விட்டால் உளுத்துப்போகும். மறுநாள் துணியில் கொழுப்புத் தொட்டு முழு நீளத்துக்கும் தடவுவார், அப்போதுதான் தண்ணீரில் மிதக்கும். துரை சாப்பிட உட்கார்ந்த பிறகும் தாத்தா லைனோடுதான் நின்றுகொண்டிருப்பாராம்.

1975-இல் தோட்டங்களை அரசு எடுத்தபோது துரை ஊருக்குப் போனார். போகும்போது இரண்டு ராடுகளைத் தாத்தாவிடம் கொடுத்தார். ஒன்று மூங்கில், ஒன்று கிரீன்ஹார்ட் மரத்தில் செய்தது. லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், எங்கே வைப்பது? அடுப்புக்கு மேலே கைமரத்தில் செருகி வைத்தார்கள். மழைக்காலத்தில் ஈரம், மற்ற நேரம் புகை. மூங்கில் ராடு நான் பார்க்கும்போதே ஆறு ஈர்க்குச்சியாகப் பிரிந்து கிடந்தது. நூல் கட்டிய இடத்தில் மட்டும் சேர்ந்திருந்தது. கிரீன்ஹார்ட் ஒரே மரத்துண்டு, அதில் பசையே இல்லை. அது இன்றும் நேராக நிற்கிறது. என்னிடம்தான் இருக்கிறது.

ஆகவே வெப்ப நாட்டிலிருந்து திரும்பி வந்த மூங்கில் ராடு யாருக்காவது கிடைத்தால் பசையை இரண்டு தடவை பாருங்கள். ஆற்றிலிருந்து வந்ததும் ராடை நன்றாகத் துடைத்துக் காயவைத்து, பிறகு பையில் போடுங்கள்.

வேடசந்தூர் அண்ணா, அந்த ரீலின் சத்தம் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.


வேடசந்தூரான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் ஆகிவிட்டது.

அண்ணாச்சி சொன்னபடி நகம் ஓட்டிப் பார்த்தேன். எங்கேயும் இறங்கவில்லை, வளைத்தாலும் சத்தம் இல்லை. பிரிந்த இரண்டு கட்டுகளையும் பட்டுநூலில் கட்டினேன். முதல் கட்டு நான்கு தடவை அவிழ்த்துக் கட்டியது, இரண்டாவது ஒரே தடவையில் அமைந்தது. பச்சைநிற நூல், வார்னிஷ் பட்டதும் காய்ந்த வேப்பிலை நிறத்துக்கு இறங்கிவிட்டது. பக்கத்தில் இருக்கும் பழைய கட்டுகளும் அதே நிறம்தான்.

ரீலைத் திறந்தபோது உள்ளே கிரீஸ் கறுப்பு மெழுகு மாதிரி இருந்தது. துடைத்து எண்ணெய் விட்டதும் விரல் பட்டாலே ஓடுகிறது. கந்தப்பளை, சத்தம் கேட்டீர்களே: மெதுவாக இழுத்தால் சுவர்க்கோழி, சட்டென்று இழுத்தால் தையல் மெஷின். கார்பன் ராடோடு வைத்திருக்கும் என் புது ரீலில் சத்தமே கிடையாது. இதில் மீன் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம்.

போன சனிக்கிழமை மாலை ஏழு மணிக்குக் கோக்கெட்டில் இறங்கினேன். காற்று இல்லை. கிரீன்வெல்ஸ் குளோரி கட்டினேன். 1854-இல் டர்ஹாம் பாதிரியார் கிரீன்வெல் யோசனை சொல்ல, ட்வீட் கரையில் ஜேம்ஸ் ரைட் கட்டிய ஃபிளை அது. இந்த வட்டாரத்து ஃபிளையை இந்த வட்டாரத்து ராடில் கட்ட வேண்டும் என்று ஆசை. ஹார்டி பட்டறை இருந்த ஆனிக், கோக்கெட்டிலிருந்து அரைமணி நேரக் கார்ப் பயணம்தானே. முதல் அரைமணி நேரம் லைன் என் தோளிலும் தொப்பியிலும்தான் விழுந்தது. பிறகு தலையைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தேன். அந்த இழுப்பு உள்ளங்கைக்கு வந்தது, அண்ணாச்சி. வந்த பிறகு எல்லாம் மாறிவிட்டது. ஒரு ஆல்டர் மரத்தின் நிழலில் மூன்று ட்ரவுட், பெரியது ஒரு சாண் நீளம். மூன்றையும் திருப்பி விட்டேன். அந்தச் சாண் மீன் தலையை ஆட்டிய ஒவ்வொரு ஆட்டமும் தக்கைப் பிடிக்குள் துடித்தது.

ஞாயிறு காலை பாட்டி வீட்டுக்கு ராடையும் ரீலையும் கொண்டு போனேன். ராடைத் தொட்டுப் பார்த்தார், வேறு ஒன்றும் சொல்லவில்லை. ரீலைக் கையில் வாங்கி, லைனை ஒரு முழம் இழுத்தார். சத்தம் வந்தது. இன்னொரு முழம் இழுத்தார். அவர் கணவர் குளிர்காலம் முழுக்கச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து இப்படி இழுத்து இழுத்து விடுவாராம். போதும் நிறுத்துங்கள் என்று அப்போதெல்லாம் இவர் சத்தம் போடுவாராம். லைன் அவர் மடியில் குவிகிறவரை இழுத்துக்கொண்டே இருந்தார். பிறகு நான் சுற்றி எடுத்தேன்.

ஒரே ஒரு சந்தேகம். இருட்டுகிற நேரத்தில், கடைசியாக வீசிய போதெல்லாம், மூட்டுப் பக்கம் லேசாக ‘டக்’ என்று கையில் தட்டியது. சத்தம் என்று சொல்ல முடியாது, ஒரு தட்டல்தான். பசையோ என்று பயமாக இருக்கிறது.


தாமிரபரணி எழுதியது:

பயப்படாதீர்கள். நகச் சோதனையில் தேறிய ராடு. வீசி வீசி மூட்டு ஒரு நூல் அளவு வெளியே வந்திருக்கும். அது தெரியாமல் தொடர்ந்து வீசினால்தான் ஆபத்து, குழலுக்குள் ஆடி ஆடி மூங்கிலைத் தின்றுவிடும். அரைமணிக்கு ஒரு தடவை நிறுத்தி, இரண்டு கையையும் பக்கத்தில் வைத்து நேராக ஒரு அழுத்து அழுத்திக்கொள்ளுங்கள். அப்படியும் தட்டல் வந்தால் சாதாரண வெள்ளை மெழுகுவர்த்தியை உள்ளே நுழைகிற ஆண் குழலில் ஒரே ஒரு தடவை தடவிப் பூட்டிப் பாருங்கள்.

அதற்கும் கேட்கவில்லை என்றால் குழல் தேய்ந்திருக்கிறது. வேறு யாரிடமும் அனுப்ப வேண்டாம், செப்டம்பரில் சீசன் முடிந்ததும் ராடோடு கெல்சோவுக்கு வாருங்கள். இரண்டு பேரும் உட்கார்ந்து பார்ப்போம்.